மெஷின் மழையும் நிஜ மழையும்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எதற்கெடுத்தாலும் பயம், படுத்தால் தூக்கம் வராது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், மூளை அலையை அளக்கும் பட்டை ஒன்று வாங்கி வந்தான். நெற்றியில் மாட்டிக் கண்ணை மூட வேண்டும். மனசு அலைந்தால் போனில் மழைச் சத்தம் வரும், அடங்கினால் வீணை கேட்கும்.

அறுப்பு நேரத்தில் மழைச் சத்தம் கேட்டால் எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் யாருக்கு மனசு அடங்கும்? பயந்தால் மழை கூடும், மழை கூடினால் பயம் கூடும். எரிச்சலாக வந்தது.

அன்று களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பட்டையோடு உட்கார்ந்தேன். வீணை கேட்டது, ஆனால் மழையும் விடவில்லை. இன்னும் அடங்கவில்லை போல என்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, நெல்லு நனையுது, உள்ள என்ன பண்றீங்க?" என்று பக்கத்து வீட்டுச் செல்வி கத்தினாள். ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பாதி நனைந்துவிட்டது.

வயலிலிருந்து வந்த வீட்டுக்காரர், நெற்றியில் இன்னும் பட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார். "மனசு அடங்கிடுச்சா?" என்றார்.

அடங்கித்தான் இருந்தது. அன்றைக்குத்தான் ரொம்ப அமைதி என்று போனில் காட்டியது.

நனைந்ததைத் திரும்பக் காயவைத்துத்தான் கொள்முதலுக்குப் போட்டோம். இப்போது மழைக்குப் பதில் குயில் சத்தம் வைத்திருக்கிறேன். அதுவும் கடைசி மூட்டை வண்டி ஏறிய பிறகுதான் பட்டையைத் தொடுகிறேன்.