பதினேழாம் எண்ணின் இறப்புப் பதிவு

அந்த ஊரில் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் இருபத்தொன்பது வருஷம் அவர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் தலைமை எழுத்தர். மின்விசிறியை யார் அணைப்பது என்பதிலிருந்து டீ கிளாஸை எங்கே கவிழ்ப்பது என்பதுவரை சுற்றறிக்கை விடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குச் 'சர்க்குலர்' என்று பெயர். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அவர் வாசல் தாண்டியதும் எல்லா மின்விசிறியையும் வேண்டுமென்றே ஓடவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவருக்கு நிர்வாகம் பண்ண ஆள் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சம் மனைவி ஒருத்திதான். ஃப்ரிட்ஜை ஒரு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் திறக்கக் கூடாது என்று அவர் விட்ட முதல் சுற்றறிக்கையை அவள் நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மேசை ஆட்டம் நின்றது. அவருடைய சுற்றறிக்கைகளில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அந்த விரக்தியில்தான் கால்நடைத் துறையார் நடத்திய ஒருநாள் முயல் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனார். காலையில் ஒன்றும் தெரியாமல் போனவர், சாயங்காலம் ஒரு சான்றிதழோடும் நாற்பது பக்கக் கையேட்டோடும் எல்லாம் தெரிந்தவராகத் திரும்பினார். மறுவாரம் வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடிக்குக் கீழே, கம்பிவலைக் கூண்டுகள் வரிசையாக வந்து இறங்கின. கூடவே மூன்று பெயர்ப்பலகைகள்: இறைச்சிப் பிரிவு, இனவிருத்திப் பிரிவு, துணைப் பிரிவு.

இனவிருத்திப் பிரிவுக்கு மட்டும் பெயர் வைக்க அனுமதி இருந்தது. பெண்கள் இரண்டு, பெரியவள், சின்னவள். ஆண் ஒன்று. கன்னத்தை உப்பிக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்ததால் அதற்கு 'மேலாளர்' என்று பெயர் வைத்தார். இறைச்சிப் பிரிவில் பிறந்ததிலிருந்து எண் மட்டும்தான்.

"பேர் வச்சுட்டா அப்புறம் கறிக்கடைக்கு அனுப்ப மனசு வராதாம். புக்குலயே போட்டிருக்கு" என்று மனைவியிடம் விளக்கினார்.

"சரி, அந்த மூணாவது போர்டு எதுக்கு?"

"அது உனக்கு. உன் தனிமையப் போக்க ஒரு முயல்."

"எனக்கு என்னங்க தனிமை? நீங்கதான் நாள் முழுக்க வீட்லயே இருக்கீங்களே!"

துணைப் பிரிவு அன்றே காலியானது. பலகை மட்டும் ஆணியில் தொங்கியது. ஆள் இல்லாத பிரிவுக்கு எதற்கு என்று அதற்குப் பதிவேடும் போடவில்லை. மற்ற இரண்டு பிரிவுக்கும் சேர்த்து, அலுவலகத்தில் இருந்த மாதிரியே, பிறப்புக்கு ஒன்று இறப்புக்கு ஒன்று என இரண்டு தடித்த பதிவேடுகள் அட்டை போட்டு மேசைமேல் ஏறின.

பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் அவள் ஆணைக் கடித்து விரட்டிவிடுவாள் என்று கையேடு சொன்னது. பெரியவளைக் கொண்டுபோய் விட்டார். மேலாளர் ஐந்தே விநாடியில் கடமையை முடித்துப் 'பொத்'தென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. மீதி நாள் முழுக்கக் களைப்பாக இருந்தது. பெயர் இவ்வளவு பொருந்தியதில் சர்க்குலருக்குப் பெருமை தாங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பெரியவள் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டு, ஆறு குட்டி போட்டாள். அடுத்து சின்னவள் ஆறு. மறுபடி பெரியவள் ஏழு. பிறப்புப் பதிவேடு மளமளவென்று நிறைந்தது. முன்பு நகராட்சியில் கூட அவர் இப்படி எழுதியதில்லை.

மூன்றாவது ஈற்றில்தான் சிக்கல். குட்டி போட்டவள் பெட்டிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சர்க்குலர் நாற்காலி போட்டுக் காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை கண்காணித்தார். ஒரு தடவைகூடப் பால் கொடுக்கவில்லை. 'பணியில் அலட்சியம்' என்று பெரியவளின் கூண்டில் ஒரு குறிப்பாணை ஒட்டினார். பெரியவள் அதைக் கிழித்துத் தின்றாள். இங்க் ஃபில்லரில் பால் ஊற்றிக்கொண்டு அவர் குட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி கையேட்டைப் புரட்டினாள்.

"தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் விடியறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம்தான் பால் குடுக்குமாம். நீங்க எட்டு மணிக்கு வந்து உக்காந்தா அது என்ன பண்ணும்? பதினாலாம் பக்கம். படிக்கலியா?"

சர்க்குலர் பதின்மூன்றாம் பக்கம்வரை படித்திருந்தார்.

இந்தக் களேபரத்தில் நோஞ்சான் குட்டி ஒன்று பெட்டியிலிருந்து வெளியே விழுந்து சில்லிட்டுக் கிடந்தது. பதினேழாம் எண். அவர் அதை எடுத்துப் பனியனுக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அசையாமல் படுத்திருந்தார். மனைவி எட்டிப் பார்த்தபோது, "துறைச் சொத்து. பாதுகாக்கறேன்" என்றார். சாயங்காலம் அது நெளிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாம்.

பன்னிரண்டு வாரத்தில் கறிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒன்றாம் எண்ணுக்குப் பன்னிரண்டு வாரம் ஆனபோது 'எடை போதாது' என்று நீட்டிப்பு வழங்கினார். இரண்டுக்கு 'லேசான தும்மல்'. மூன்றுக்கு 'நிர்வாகக் காரணம்'. இப்படியே பத்தொன்பதுவரை. இனி பிறந்தால் கூண்டு போதாது என்று மேலாளருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். ஒன்றரை வருஷமாகியும் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. அதற்குள் எண்கள் எல்லாம் செல்லப் பெயர்களாகிவிட்டிருந்தன. "ஒம்பதுக்குக் கேரட் தோல் ஆகாது", "நாலு கோவிச்சுக்கிட்டு மூலைல உக்காந்திருக்கு" என்று இருவரும் சர்வ சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். பாசம் வரக் கூடாது என்று போட்ட எண்ணைக் கூப்பிட்டால், பதினேழு காதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவர் பாதத்தின்மேல் உட்காரும். செய்தித்தாளின் ஓரத்தை அது தின்று முடிக்கும்வரை அவர் பக்கம் திருப்ப மாட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சம்பந்தி மட்டும் இல்லையென்றால்.

சம்பந்தி மரச்சாமான் கடை வைத்திருப்பவர். நாற்காலி விற்றுப் பழகிய குரல், நாலு தெருவுக்குக் கேட்கும். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அவர் சாப்பாட்டைக் குறை சொன்னபோது சர்க்குலர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "கடைக் கறியெல்லாம் ஒரு கறியா சம்பந்தி? நீங்க வீட்டுக்கு வாங்க, என் கையால வளத்த முயல் போடறேன்." அன்றிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் சம்பந்தி முதலில் "முயல் சௌக்கியமா?" என்றுதான் கேட்பார். பிறகுதான் மனிதர்கள்.

இப்போது வரும் ஞாயிறு வருகிறேன் என்றுவிட்டார். மகள் தனியாகப் போன் பண்ணி, "அப்பா, மாமா கடைக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. என் மானத்தக் காப்பாத்துங்க" என்றாள்.

யாரை அனுப்புவது? அதற்கும் அவரே முன்பு எழுதிக் கூண்டில் ஒட்டிய விதி இருந்தது: 'எடை அதிகமுள்ளது முதலில்.' பத்தொன்பதையும் கூடையில் வைத்து எடை போட்டார். இரண்டு கிலோ, இரண்டேகால், இரண்டரை. பதினேழு மூன்று கிலோவைத் தாண்டியது. ஒளித்து ஒளித்து ஊட்டியது யார் என்பது அவருக்கே தெரியும். முள்ளைப் பார்த்ததும் சர்க்குலரின் முகத்தில் ஈயாடவில்லை.

"தராசு ரிப்பேரா இருக்கலாம்" என்றார்.

"போன வாரம்தான் சரி பண்ணினீங்க" என்றாள் மனைவி. "வேற எதையாவது குடுங்களேன்."

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல? இன்னைக்கு ஒண்ணுக்கு வளைச்சா நாளைக்கு எல்லாத்துக்கும் வளைக்கணும்."

இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வேலையில் இருந்தபோது ஊர்ப் பெரும்புள்ளி ஒருவர், உயிரோடிருக்கிற அண்ணன் செத்துவிட்டதாக எழுதச் சொன்னார், சொத்துக்காக. சர்க்குலர் மறுத்தார். அதற்குத் தண்டனையாகப் பதிவு வேலையோடு சேர்த்து இரண்டு வருஷம் நிலவறையில், எலிகளுக்கு நடுவே பழைய கோப்பு அடுக்கினார். நடக்காத சாவை என் பேனா எழுதியதில்லை என்று சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். அது ஒன்றுதான் அந்த மனிதர் சம்பாதித்தது.

ஞாயிறு காலை பதினேழைப் பையில் வைத்து ஸ்கூட்டரில் கறிக்கடைக்குப் போனார். அது பைக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

"நல்லா வளத்திருக்கீங்க சார்" என்றார் கறிக்கடைக்காரர். "பேர் என்ன?"

"பேரெல்லாம் இல்லப்பா. பதினேழு."

பதினேழு சட்டென்று காதைத் தூக்கி அவரைப் பார்த்தது. 'சொல்லுங்க, என்ன?' என்பது போல.

"கூப்பிட்டாப் பாக்குது சார்!" கறிக்கடைக்காரர் சிரித்தார். கத்தி சும்மா மேசைமேல்தான் கிடந்தது. ஆனால் சர்க்குலர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பனியனுக்குள் ஒரு நாள் முழுக்க நெளியாமல் கிடந்த குட்டியின் சில்லிப்பு வயிற்றில் திரும்ப வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள்.

"ரெண்டு கிலோ கோழி குடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முயல் மாதிரி வெட்டணும்."

"கோழிய எப்படி சார் முயல் மாதிரி வெட்டறது?"

"கோழின்னு தெரியாத மாதிரி வெட்டுப்பா!"

வீட்டில் பதினேழைக் குளியலறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். மனைவி கறிப் பையைப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"முயலுக்கு எப்ப இறக்கை முளைச்சுது?"

சர்க்குலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இறக்கைகளை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று அவள் முனகிய பாட்டு கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

சம்பந்தி வந்தார், உட்கார்ந்தார், சாப்பிட்டார். மூன்றாவது தடவை போட்டுக்கொண்டபோது கண்ணை மூடிச் சொன்னார், "இதான் சம்பந்தி கறி! முயல் முயல்தான். கோழியெல்லாம் பக்கத்துல நிக்க முடியுமா?"

"முடியாது" என்றார் சர்க்குலர்.

"நாக்குல வச்சாலே தெரியுதே! இது எத்தனாம் நம்பர்?"

"பதினேழு."

"ஏதோ ரெஜிஸ்டர்லாம் வச்சிருக்கீங்களாமே. மருமக சொன்னா. கொண்டாங்க, பாப்போம்."

சர்க்குலர் உள்ளறைக்குப் போனார். இறப்புப் பதிவேடு வெள்ளைவெளேரென்று திறந்தது. எழுதாமல் கொண்டுபோனால் மகள் மானம் போகும். எழுதினால் இருபத்தொன்பது வருஷம் போகும். பெரும்புள்ளிக்குப் பணியாத பேனா, நாற்காலிக் கடைக்காரருக்குப் பணிந்தது. 'எண் 17. நாள், இன்று. காரணம், விருந்து.' எழுதி முடித்தபோது அவர் கையை, அழுக்கானது போல, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சம்பந்தி அதை உரக்கப் படித்தார். அதே நேரம் குளியலறையிலிருந்து 'தொம்' என்று சத்தம். பயந்தால் முயல் பின்னங்காலால் தரையை உதைக்கும். மறுபடி 'தொம்'.

"என்ன அது?"

"குழாய்ல காத்து" என்றாள் மனைவி, கண் இமைக்காமல். "இன்னுங் கொஞ்சம் முயல் வைக்கட்டுமா?"

சம்பந்தி ஏப்பத்தோடு எழுந்தார். "அடுத்த மாசம் என் தம்பியையும் கூட்டிட்டு வர்றேன். பதினெட்டு, பத்தொம்பது ரெண்டையும் தயார் பண்ணி வைங்க" என்று வாசலில் நின்று தெருவுக்கே சொல்லிவிட்டுப் போனார்.

சர்க்குலர் மேசை முன்னால் வந்து உட்கார்ந்தார். மனைவி தாழ்ப்பாளைத் திறந்ததும் செத்தவன் குளியலறையிலிருந்து வந்து அவர் பாதத்தின்மேல் ஏறிக்கொண்டான். அவர் குனியவில்லை.

"பொய்ச் சாவு எழுதிட்டேன்" என்றார்.

மனைவி எதிரே உட்கார்ந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "தப்பா எழுதினா நீங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?"

"அடிச்சுட்டு, திருத்தி, பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடுவோம்."

"அடிங்க. தேதிய எடுத்துடுங்க. காரணம், வயசாயிடுச்சுன்னு போடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பொய் இல்லியே. என்னைக்கோ ஒரு நாள் அதுதானே ஆகப் போகுது? தேதிய மட்டும் அப்புறமா எழுதிக்கலாம். ஒண்ணுலேருந்து பத்தொம்பது வரைக்கும் இன்னைக்கே எழுதிடுங்க. உங்க சம்பந்திக்கு ஊர்ல கோழியா இல்ல?"

சர்க்குலர் 'இன்று' என்பதையும் 'விருந்து' என்பதையும் அடித்தார், 'முதுமை' என்று எழுதினார், சுருக்கொப்பமிட்டார். பிறகு ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார். முதுமை. முதுமை. முதுமை. நாள் என்ற கட்டம் எல்லா வரியிலும் காலியாக நின்றது. இத்தனை சந்தோஷமாக அவர் இறப்பு எழுதியதே இல்லை. கடைசியில் பெரியவள், சின்னவள், மேலாளர்.

"அப்படியே அதுக்குக் கீழ என் பேரையும் எழுதிடுங்க" என்றாள் மனைவி விளையாட்டாக. "காரணம் அதேதான். தேதி போடாம."

பேனா நின்றது. ஒரு ஊரையே எழுதி முடித்தவர், அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடினார். பதிவேட்டையும் மூடினார்.

"அது முடியாது" என்றார், பழைய அலுவலகக் குரலில். "துணைப் பிரிவுக்குப் பதிவேடு கெடையாது."