காற்று வெளியே போகிற வழி

1. மூணாம் நம்பர்

கேப்டன் அன்வர் வாணியம்பாடிக்காரர். கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற குரலிலேயே வானிலையும் சொல்வார். அந்த மே மாதக் காலையில் ரேடியோவில் வந்த குரல் அப்படி இல்லை.

"மேடம், மூணாம் நம்பர் ஏறிக்கினே போவுது. லிமிட்ட தொட்டுருச்சி."

மூணாம் நம்பர் என்றால் மூன்றாவது சிலிண்டர். எங்கள் சின்ன விமானத்தின் எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். காரில் இருப்பதுபோல ரேடியேட்டர் கிடையாது. முன்னால் இருந்து அடிக்கிற காற்றுதான் அதைக் குளிர வைக்க வேண்டும். எஞ்சினை மூடியிருக்கிற கூட்டுக்குப் பெயர் கவுலிங். அதன் மூக்கில் இருக்கிற இரண்டு ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வந்து, சிலிண்டர்களுக்கு நடுவே இறங்கி, கீழே இருக்கிற வாய் வழியாக வெளியேறும். இதில் ஒரு இடம் கெட்டாலும் சிலிண்டர் கொதிக்கும்.

எஞ்சின் சூடானால் மூக்கை இறக்கி, பவரைக் குறைக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அப்போது அவர் ஜமுனாமரத்தூரைத் தாண்டி, நெல்லிவாசல்நாடு பக்கம் ஏறிக்கொண்டிருந்தார். எதிரே மலை முகடு. மூக்கை இறக்க இடம் இல்லை.

"மிக்ஸ்ச்சர் ரிச் பண்ணுங்க. பள்ளத்தாக்கு பக்கம் திருப்பிட்டு அப்புறம் எறக்குங்க," என்றேன். காற்றோடு பெட்ரோல் கூடுதலாகக் கலந்தால் சிலிண்டர் சூடு கொஞ்சம் தணியும்.

"திருப்பிட்டேன்."

அதன்பின் ரேடியோவில் சத்தம் இல்லை. மலை மறைத்துவிட்டது. நான் ஷெட்டுக்கு வெளியே வந்து கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சத்தம்தான் முதலில் வந்தது. எஞ்சின் ஓடுகிற சத்தம். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அன்வர் இறங்கியதும் முகம் கழுவப் போனார். பின் சீட்டில் இருந்த பூங்கொடி இறங்கவில்லை. தரையில் இருக்கிற ஓட்டை வழியாகக் கீழே படம் எடுக்கிற கேமராவை இயக்குவது அவள் வேலை. சொந்த ஊர் நெல்லிவாசல்நாட்டில் ஒரு குக்கிராமம். அந்த மலை ஊர்களுக்கு ரோடு போடுவதற்கான வரைபடம் தயாரிக்கத்தான் நாங்கள் பறந்துகொண்டிருந்தோம்.

"எறங்கும்மா," என்றேன்.

"பயம் இன்னும் போவல மேடம். கொஞ்ச நேரம் போவட்டும்."

கவுலிங்கைக் கழற்றினேன். உள்ளே காற்றைத் திருப்பிவிடுகிற தகடுகளை பேஃபிள் என்போம். இரண்டு இடத்தில் விரிசல். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கிற ரப்பர் சீல் எஞ்சின் சூட்டில் சுருண்டு, காற்று சிலிண்டர் பக்கம் போகாமல் அந்தச் சந்து வழியாக நழுவிக்கொண்டிருந்தது. சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்தேன். நல்லவேளை, உள்சுவரில் கீறல் இல்லை.

2. சைன் போடு

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் விமானப் பராமரிப்பு எஞ்சினியர். பெங்களூரில் பெரிய ஹேங்கரில் வேலை செய்து ஓய்வு பெற்று, ஆலங்காயம் பக்கம் எங்கள் வூட்டுக்கு வந்தேன். மலையடிவாரத்தில் தனியார் ஓடுதளம் ஒன்றை வைத்துக்கொண்டு சர்வே கம்பெனி நடத்துகிறவர் தாமோதரன். விவசாயக் குடும்பம். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆள். அவர் கூப்பிட்டார், போனேன். விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ் என்னிடம் இருந்தது.

நடந்ததைக் கேட்டதும் தாமோதரன் சொன்னார்: "சும்மா ரிப்பேர் பண்ணி இன்னா பிரயோஜனம் மேடம்? கவுலிங்கையே புதுசா போட்டுறலாம். கூலிங்கும் ஆவும், ஸ்பீடும் வரும்."

அவர் ஸ்பீடு கேட்டதில் நியாயம் இருந்தது. மலை மேல் காலையில்தான் காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏறினால் விமானம் குலுங்கும், படம் கலங்கும். வேகமாகப் போனால் அந்த அமைதியான நேரத்தில் இன்னும் இரண்டு வரிசைப் படம் கூடுதலாக எடுக்கலாம். மழை மேகம் மலையை மூடுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

பெங்களூரில் அங்கீகாரம் உள்ள ஒரு டிசைன் ஆபீஸ் ட்ராயிங் போட்டது. பழைய கவுலிங்கின் மூக்கில் பெரிய பெரிய சதுர ஓட்டை. புதியதில் சின்னதாக, வட்டமாக, ஓரம் வழவழப்பாக இரண்டு ஓட்டை. வாய் பெரிதாக இருந்தால் குளிர்ச்சி அதிகம் என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. தேவைக்கு மேல் நுழைகிற காற்று முட்டித் திரும்பி வெளியே வழியும். அது வண்டியைப் பின்னால் இழுக்கும். சின்ன வாயில் நுழைந்த காற்று ஒழுகாமல் சிலிண்டர் வழியாகவே போனால் குளிர்ச்சியும் வரும், வேகமும் வரும். இது ட்ராயிங்கின் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஃபைபர் கிளாஸில் செய்து, பேஃபிள் எல்லாம் புதிதாக அடித்து, சீல் ஒட்டினோம். சோதனைக்கு மட்டும் பறக்க அனுமதி வந்தது. அன்வர் தனியாக எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், ஆறு நாட் கூட வருது! அம்பு மாதிரி போவுது." நாட் என்பது விமான வேகத்தின் அளவு; ஆறு நாட் என்றால் மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்.

"டெம்பரேச்சர்?"

"நேரா போறப்ப ஃபர்ஸ்ட் கிளாஸ். ஏறுறப்ப மட்டும் நாலாம் நம்பர் கொஞ்சம் முரண்டு பண்ணுது."

சிலிண்டர் சூட்டின் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இல்லை. ஏறிக்கொண்டே இருந்தால் பழைய கவுலிங்கில் மூணாம் நம்பர் போன இடத்துக்கே இப்போது நாலாம் நம்பர் போகும்.

தாமோதரன் அன்று சாயங்காலமே வந்தார். "ஸ்பீடு வந்துருச்சில்ல? அப்புறம் இன்னா? சைன் போடுங்க மேடம்."

"ஏர்றப்ப சூடாவுதுங்க."

"ஏர்றப்ப மட்டும்தான?"

"நம்ம வேலையே ஏர்றதுதான். அடிவாரத்துல கெளம்பி மலை மேல போறோம். தெனமும் மொத அர மணி நேரம் ஏறிக்கினேதான் இருக்கோம்."

அவர் அன்வரைப் பார்த்தார். அன்வர் என் பக்கம் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. "நான் பாத்துக்குறேன் மேடம். நேரா ஏறாம, சமவெளி மேலயே சுத்திச் சுத்தி மெதுவா ஏறிட்டு அப்புறம் மலைக்குப் போறேன்," என்றார்.

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. நல்ல பைலட் அப்படிச் செய்து சமாளிக்கலாம். ஆனால் ஒரு நாள் கீழே இழுக்கிற காற்று ஒன்று மலை ஓரத்தில் பிடித்தால், அவர் முழு பவர் கொடுத்து ஏறியே ஆக வேண்டும். அந்த நிமிடத்தில் சுத்திச் சுத்தி ஏற நேரம் இருக்காது. இதைச் சொன்னேன்.

தாமோதரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வானத்த பாத்தீங்களா? இன்னும் கொஞ்ச நாள்ல மேகம் எறங்கிரும். நீங்க போடலன்னா வேற எஞ்சினியர கூட்டியாறேன்."

"கூட்டியாங்க. அவரும் இந்த பதிவ பாக்கட்டும்."

வெளியே கம்பீரமாகத்தான் சொன்னேன். வூட்டுக்குப் போய் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்வது பாதி வேலைதான். ஏன் சூடாகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

3. பூங்கொடி கேட்டது

மறுநாள் பூங்கொடி ஷெட்டுக்கு வந்தாள். அன்று பயந்ததற்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

"மேடம், சார் உங்க மேல கோவமா கீறார்."

"தெரியும்."

"எங்கூருல மழை வந்துட்டா ஜீப்பு வராது. ஒடம்பு முடியாதவங்கள டோலி கட்டித்தான் தூக்கியாறோம். இந்த படத்த எடுத்தாதான் ரோடு எந்தப் பக்கம் வரும்னு முடிவாவும். அதனால எனக்கும் அவசரம்தான்." விமானத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா ஏர்றதுக்கு பயமா கீது. ரெண்டும் சேர்ந்து கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

"காத்து உள்ள எங்க மாட்டிக்குதுன்னு கண்ணால பாக்க முடிஞ்சா நல்லாருக்கும்," என்று மட்டும் சொன்னேன். என் கவலை எனக்கு.

"பாக்கறதுக்குத்தான நான் இருக்கேன்? கேமராவ வெளிய மாட்டிறலாமே."

அப்படித்தான் அந்தச் சோதனை பிறந்தது. கவுலிங்கின் மேலும் கீழும் சின்னச் சின்ன உல்லன் நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டினோம். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ நூல் அந்தப் பக்கம் படுக்கும். பின் சக்கரக் காலில் ஒரு சின்ன கேமராவை முன்னால் பார்த்தபடி அவளே பூட்டினாள். அது கழன்று விழாதபடி நான் கம்பி கட்டினேன். கவுலிங்குக்கு உள்ளே சிலிண்டருக்கு மேலே ஒரு ட்யூப், கீழே ஒரு ட்யூப். இரண்டையும் கலர் தண்ணீர் ஊற்றிய, U போல வளைந்த கண்ணாடி ட்யூபின் இரண்டு முனையிலும் சேர்த்து அன்வரின் பக்கத்தில் வைத்தோம். மேலே அழுத்தம் அதிகமாக, கீழே குறைவாக இருந்தால்தான் காற்று இறங்கும். தண்ணீர் மட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

அன்வர் சலித்துக்கொண்டார். "மேடம், இது வண்டியா, ஸ்கூல் எக்ஸிபிஷனா?" ஆனால் பறந்து வந்ததும் அவரே முதலில் பேசினார். "ஏர்றப்ப தண்ணி ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து நிக்குது. இது நல்லதா கெட்டதா?"

கெட்டது. காற்று உள்ளே வருகிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தது பூங்கொடி. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "மேடம், நேரா போறப்ப கீழ கீற நூலெல்லாம் பின்னாடி படுத்துக்கினு கீது. மூக்கு தூக்கினதும் பாருங்க, இந்த மூணு நூலு முன்னாடி திரும்பி ஆடுது."

கவுலிங்கின் கீழ்வாயில் ஒட்டிய நூல்கள் அவை. மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும்போது வெளிக்காற்று அந்த வாயில் முட்டி, உள்ளிருந்து வருகிற காற்றைத் தடுக்கிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். சிலிண்டரிலிருந்து இறங்கிய காற்று பின்னால் திரும்ப வேண்டிய இடத்தில் தகடு கூர்மையாக, செங்குத்தாக நின்றது. அங்கே முட்டிச் சுழல்கிறது. வெளியே போகிற கொஞ்சக் காற்றும் கீழ்வாயில் அடைபடுகிறது. நாங்கள் எல்லோரும், ட்ராயிங் போட்டவர்களும் சேர்த்து, காற்று நுழைகிற மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசைன் ஆபீஸுக்கு வீடியோவை அனுப்பினோம். அங்கே இருந்த எஞ்சினியர் பார்த்துவிட்டு உடனே போன் செய்தார். "இத பாக்காம நாங்க கணக்குலயே சுத்திக்கிட்டு இருந்திருப்போம் மேடம்," என்று சொல்லி, திருத்திய ட்ராயிங்கை அனுப்பினார். கூர்மையான இடத்தில் குழாயைப் பாதியாகப் பிளந்ததுபோல வளைந்த தகடு. கீழ்வாயில் கதவுபோல ஒரு ஃப்ளாப். ஏறும்போது பைலட் அதைத் திறப்பார், நேராகப் போகும்போது மூடுவார்.

தாமோதரன் அந்த நாட்களில் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேறு எஞ்சினியரையும் கூட்டி வரவில்லை. ஒருநாள் ஷெட் வாசலில் நின்று நான் தகடு வளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

4. முகட்டுக்கு மேலே

அடுத்த சோதனையில் நாலு சிலிண்டரின் சூடும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே நின்றது. ஏறும்போதும் லிமிட்டுக்கு வெகு கீழே. ஆனால் ஃப்ளாப்பின் எடையாலும் அதன் விளிம்பாலும் ஆறு நாட் நாலு நாட் ஆகிவிட்டது.

"ரெண்டு போச்சே," என்றார் தாமோதரன்.

"நாலு வந்துருக்குங்க," என்றார் அன்வர். அவர் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் என்னிடம் திரும்பி, "அன்னைக்கி நான் சமாளிச்சிருப்பேன் மேடம். ஆனா தெனம் சமாளிக்கிறது ஒரு பொழப்பா?" என்றார்.

அனுமதி வந்தது. கையெழுத்துப் போட்டேன். முதல் மலைப் பறப்புக்குப் பூங்கொடி கேமராவைப் பொருத்திவிட்டு, பக்கத்து சீட்டைத் தட்டினாள்.

"நீங்களும் வாங்க மேடம்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சின்ன விமானத்தில் மலை மேல் போனதில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். கிளம்பியதிலிருந்து அன்வரின் தோளுக்கு மேலாக டெம்பரேச்சர் காட்டுகிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூர் தாண்டியது எனக்குத் தெரியாது. முகடு வந்தது. விமானம் மூக்கைத் தூக்கியது. நாலு எண்ணும் கொஞ்சம் ஏறி, அப்படியே நின்றன.

பூங்கொடி என் கையைத் தொட்டாள். "மேடம், அது நிக்கும். இங்க பாருங்க."

கீழே சாமை வயல்கள், புளியமரங்கள், ஒரு சரிவில் ஏழெட்டு வூடுகள். அங்கிருந்து காட்டுக்குள் நூல்போல ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கியது. "அந்த வழியாத்தான் தூக்கியாறோம்," என்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஒரு மாற்றம் எங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதை எல்லோரும் உங்களுக்குக் காட்டுவார்கள். எங்கே செய்யவில்லை என்பதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் அதோடு வேலை முடிந்துவிடாது. அடுத்த நாள் காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கவுலிங்குக்குக் கீழே படுக்க வேண்டியதும் நீங்கள்தான். அப்போது பக்கத்தில் இருந்து பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் பயந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. பயந்தவர்கள் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.