தீர்மானப் புத்தகத்தில் அடித்த வரி

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் ஊராட்சி செயலராக இருந்தேன். கிராம சபையில் மக்கள் எடுக்கும் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஊர் வயல்களைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, அதற்கென்றே பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள்.

கூட்டம் தொடங்கும் முன்பே ஓர் அதிகாரி என்னைப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கூப்பிட்டார்.

"ஒருமனதா ஒப்புதல்னு இப்பவே எழுதிடும்மா. கையெழுத்த அப்புறம் வாங்கிக்கலாம்."

என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. எழுதினேன்.

கூட்டத்தில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் போலீஸ் நின்றதால் யாரும் கத்தவில்லை. ஆனால் எழுந்தவர்கள் எல்லாரும் முடியாது என்றார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வந்ததுக்குக் கையெழுத்து போட்டுட்டுக் கெளம்புங்க."

முதலில் வந்தவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் ஒரு பெண். அம்மா வயது இருக்கும். விரலில் மை தடவப் போன என் கையைத் தடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருக்கன்னு சத்தமா படிம்மா."

எழுதியதை விட்டுவிட்டு வேறு எதையாவது படித்திருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. அதிகாரியும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. எழுதியிருந்ததை அப்படியே படித்தேன்.

கூட்டம் எழுந்த வேகத்தில் நாற்காலிகள் சரிந்தன.

"யாரு ஒத்துக்கினாங்க? பேரச் சொல்லு!"

போலீஸ் உள்ளே வந்தது. அதிகாரியின் கை புத்தகத்தை நோக்கி நீண்டது. நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"குடும்மா. வேல போயிடும்."

"தப்பா எழுதிட்டேன் சார். திருத்திட்டுத் தர்றேன்."

எல்லார் கண்ணெதிரிலும் அந்த வரியை அடித்தேன். 'ஒருவரும் ஒப்புதல் தரவில்லை' என்று கீழே எழுதினேன். அந்தப் பெண் கைநாட்டு வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மொதல்ல எழுதுனதும் நீதானே?"

"ஆமாம்மா" என்றேன். அவர் விரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அதே மாதம் என்னை ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். நிலத்தை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த காகிதங்களில் அந்தப் பக்கத்தின் நகலும் இருக்கிறது, அடித்த வரியோடு.