எஸ்தர் அம்மையார் கேட்ட நீண்ட வரி

காலைப் பூசை முடிந்து விபூதித் தட்டை எடுத்துவைக்கும் வேளையில் தொலைபேசி ஒலித்தது. கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நடராஜ் பேசினார்.

"ஐயா, எஸ்தரக்கா போயிட்டாங்கய்யா. வெடியால அஞ்சு மணிக்குங்க."

"அம்மணிக்கு இருமல்னுதானே சொன்னீங்க?" என்றேன்.

"வெறும் இருமல் இல்லீங்கய்யா. நேர்ல சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார்.

எஸ்தர் அம்மையாரை ஆர்.எஸ்.புரத்து மருத்துவமனையில் செவிலியராக அறிந்தவர்கள் உங்களில் பலர். ஓய்வு பெற்றபின் சாக்ஸபோன் ஏந்தி மேடையேறியவராகவும் சிலர் அறிவீர்கள். அவரிடம் நான் ஒரு கடுஞ்சொல் சொன்னேன். அதைத் திரும்பப் பெறாமலே இருந்துவிட்டேன். அவரிடமே சொல்லி ஆற்றிக்கொள்ள இனி வழியில்லாமையால், அவரை நேசித்த உங்கள்முன் சொல்கிறேன்.

அவருடைய ஜாஸ் குழுவில் மூவர் மட்டுமே. ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸை நடராஜ் வாசிப்பார். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கோவிந்தராஜ் டிரம்ஸ் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரங்கள் ஓய்ந்தபின் நடராஜின் பட்டறையிலேயே பயிற்சி நடக்கும். மேல்நாட்டார் வாசித்துப் புகழ்பெற்ற உருப்படிகளை வாசித்தே அவர்கள் காலம் கழித்திருக்கலாம். அம்மையாருக்கு அது போதவில்லை. தாம் மதிக்கும் இசையமைப்பாளர் ஒருவரை ஆண்டுதோறும் தேடிச் சென்று, தம் குழுவுக்கென்றே புதிதாக ஒன்று செய்து தருமாறு கேட்பார். "செத்தவங்க பாட்டை வாசிக்க ஊரெல்லாம் ஆளிருக்குதுங்க. உசுரோட இருக்கறவங்ககிட்டத்தான் கேட்டு வாங்கோணும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

என்னிடம் அவர் வந்தது வியப்பானது. நான் ஐம்பதாண்டுகளாகச் சிவன் கோயிலில் திருமுறை ஓதுபவன். இறைவன்மீது நானே விருத்தங்கள் இயற்றிப் பண்ணமைத்துப் பாடுவதும் உண்டு. நடக்கவியலாத மூதாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு அழைத்துவந்த அம்மையார், மண்டபத்தில் காத்திருந்தபோது என் பாட்டைக் கேட்டிருக்கிறார். மறுவாரம் என் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு ஜாஸ் தெரியாதுங்களே அம்மணி" என்றேன்.

"தெரிஞ்சவங்ககிட்ட எதுக்குங்கய்யா கேக்கறது? தெரிஞ்சதையேதான குடுப்பாங்க" என்று சிரித்தார்.

போகும்போது ஒரு கடிதம் தந்தார். ஒவ்வோர் இசையமைப்பாளருக்கும் அவ்வாறு ஒன்று எழுதித் தருவது அவர் வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். நோயாளியின் குறிப்பேடுபோல் இருந்தது அது. கோவிந்தராஜுக்கு வலது முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது. காலால் முழக்கும் இடங்களை இடைவிடாமல் தர வேண்டாம். நடராஜின் இடக்கை மோதிரவிரல் பட்டறையில் அடிபட்டு மடங்குவதில்லை. ஆனால் வில்லை எடுத்தால் அவர் கை நடுங்காது. தம் தோழர்களின் உடற்குறை அறிந்து எழுதுமாறு வேண்டியவர், தம்மைப் பற்றி ஒரே செய்திதான் எழுதியிருந்தார்: "எனக்கு ஒரு நீண்ட வரி வேண்டும். நீங்கள் சந்நிதியில் பாடுவதுபோல், நடுவில் அறாத வரி."

எழுதினேன். இருவருடைய குறையையும் கருத்தில் கொண்டே எழுதினேன். இறுதியில், மற்ற இருவரும் ஓய்ந்திருக்க, சாக்ஸபோன் தனித்து ஒரே மூச்சில் ஏறி இறங்கும் ஒரு நீண்ட வரியை அமைத்தேன். அவர்கள் வாசிக்கப்போவதில் சொல் கிடையாது. ஆயினும் என் மனத்துள் அவ்வரிக்கு என் விருத்தத்தின் சொல் இருந்தது. நான் சுரப்படுத்தித் தந்ததை நடராஜ் தங்களுக்குரிய குறிப்பில் எழுதிக்கொண்டார்.

முதற்பயிற்சிக்கு என்னை அழைத்தார்கள். கோவிந்தராஜ் அரைமணி தாமதமாக வந்தார்.

"தோப்புல யானை நின்னுபோச்சுங்கக்கா."

"போன வாரமும் அதே யானைதானா கோவிந்து? அதையவே கூட்டிட்டு வந்திருந்தா உனக்கு முன்னால வாசிக்கப் பழகியிருக்கும்" என்றார் அம்மையார். சொல்லிச் சிரித்ததில் இருமல் வந்து, நெடுநேரம் அடங்கவில்லை. பட்டறைத் தூசு என்று நினைத்தேன்.

நீண்ட வரி வந்தது. பாதியில் அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அம்மணி, அந்த எடத்துல அறுக்கப்படாதுங்க. சொல்லு ரெண்டாப் போகுது."

"மன்னிச்சுக்குங்கய்யா. இன்னொருக்கா வாசிக்கறனுங்க."

மீண்டும் அறுந்தது. மூன்றாம் முறையும் அறுந்தது. தெய்வத்துக்குச் சொன்ன சொல் முறிவதைப் பொறுக்க எனக்குப் பழக்கமில்லை. "இந்த வரிக்கு மூச்சில்லைன்னா எங்கிட்ட எதுக்கு அம்மணி கேட்டீங்க? சாதகம் பத்தலை" என்று சொல்லி எழுந்தேன்.

நடராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மையார் அவரை ஒரு பார்வையில் அடக்கினார். பின்பு என்னிடம், "மூணு வாரங் கழிச்சு அரங்கத்துக்கு வாங்கய்யா. அறாம வாசிக்கறோம்" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று இன்று எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஆர்.எஸ்.புரத்துச் சிறிய அரங்கில் ஒரு மாலை அவ்வரி ஓங்கி எழுந்தபோது என் கண் நிறைந்தது. எங்கும் அறவில்லை. இடையிடையே டபுள் பேஸின் ஒலி தாழ்ந்து இழைந்ததும், டிரம்ஸின் வெண்கலத் தட்டு மழைபோல் எழுந்து அடங்கியதும் நான் எழுதாதவை. ஜாஸ்காரர்கள் கூட்டிக்கொள்ளும் அலங்காரம்போலும் என்று பொறுத்துக்கொண்டேன். அருகிலிருந்தவரிடம், "ஒரே மூச்சு, கவனிச்சீங்களா?" என்று பெருமை பேசினேன்.

பின்னர் அவரிடம் சென்று, "இப்பத்தான் அம்மணி வரி முழுசா இருந்துச்சு" என்றேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் எழவில்லை. "ஐயா காதுல அப்படி உழுந்தாச் சரிங்க" என்றார். முன்பு சொன்ன சொல்லைத் திரும்பப் பெற அதுவே தருணம். பாராட்டே போதும் என்று விட்டுவிட்டேன். அதன்பின் அவரை நான் உயிரோடு காணவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு பட்டறைக்குச் சென்றேன். நடராஜ் சொன்னார்: "ரெண்டு வருசமாச்சுங்கய்யா. நுரையீரல் இறுகிட்டே வந்துச்சு. எத்தனை மூச்சு மிச்சமிருக்குன்னு அக்காளுக்கே கணக்குத் தெரியும். நர்சில்லீங்களா?"

"கடுதாசியில எழுதலையே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஐயா வரியைச் சுருக்கிப்போடுவாருன்னாங்க. 'எனக்கு வேணுங்கறதே அந்த நீள வரிதாண்டா நடராஜு'ன்னு சொல்லிப்போட்டாங்க."

நான் கேட்காமலே இருவரும் கருவிகளை எடுத்தார்கள். உருப்படியைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார்கள். நீண்ட வரி வந்ததும் இருவரும் ஓய்ந்தனர். சாக்ஸபோன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கோவிந்தராஜ் உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று நடராஜின் வில் ஒரு சுரத்தைத் தாழ்வாக இழுத்தது. வெண்கலத் தட்டு எழுந்து அடங்கியது. மறுபடி ஒன்றுமில்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் அவ்வாறே. பின்பு மூன்றாம் முறை.

"அது என்னதுங்க, நான் எழுதாத ஒண்ணு?" என்றேன்.

கோவிந்தராஜ் தலை நிமிரவில்லை. "அக்கா மூச்சு வாங்குன எடமுங்கய்யா. அவங்க நிறுத்தற சுரத்தை நடராஜு புடிச்சுக்குவாரு, நான் தட்டுல மூடிப்போடுவேன். ஐயாவுக்குக் கேட்டுறப்படாதுன்னு மூணு வாரமும் இதையேதானுங்க பழகுனோம்."

மூச்சை அளந்து தருபவன் இறைவன் என்று எத்தனையோ சபைகளில் விரித்துரைத்தவன் நான். அவ்வளவு குறைவாக அளந்து பெற்ற ஒருவரைச் சாதகம் போதவில்லை என்றேன். அவரோ, என் வரி பழுதின்றி என் செவிக்கு எட்டவேண்டும் என்பதற்காகத் தம் திணறலை மறைக்கத் தோழர்களைப் பழக்கினார்.

வீடு திரும்பியதும் மூலப் பிரதியை எடுத்து, அம்மூன்று இடங்களிலும் வில்லுக்கும் வெண்கலத் தட்டுக்கும் உரியதை எழுதிச் சேர்த்து, ஒவ்வொன்றின்மேலும் அவர் பெயரை எழுதினேன். இனி இவ்வுருப்படியை யார் வாசித்தாலும், எத்துணை வலிய மூச்சுடையவராயினும், அங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும். எஸ்தர் அம்மையாரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மூன்று இடங்களே.

மறுநாட்காலை சந்நிதியில் அவ்விருத்தத்தின் அதே வரியைத் தொடங்கினேன். இறைவன் எனக்கு மூச்சைக் குறைவாகத் தரவில்லை. முதல் இடம் வந்தது. சொல்லை நடுவில் முறித்து நின்றேன். மேலே பாட முடியவில்லை.