சுவரில் பதினைந்து அங்குலம்

1931-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு ஷாஹுல் ஹமீது தம் தையல் கடைக்கு வந்தபோது, முன்கதவில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து உள்ளே போனால் பின்சுவரில், தரையோடு தரையாக, ஓர் ஓட்டை. பின்சந்தில் படுத்திருந்த ஆடு ஒன்று அதன் வழியாக அவரைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இன்னொருவராக இருந்தால் கூச்சல் போட்டுத் தெருவைக் கூட்டியிருப்பார். ஹமீது ஆணியில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, மண்டியிட்டு, ஓட்டையை அளந்தார். அகலம் பதினைந்து அங்குலம், உயரம் பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் என்னென்ன போயிருக்கிறது என்று பார்த்தார். கை மெஷின் ஒன்று, தைத்து முடித்த கோட்டு மூன்று, சட்டை ஆறு, ஏழு பேர் தைக்கக் கொடுத்திருந்த துணி. காலால் மிதித்து ஓட்டுகிற பெரிய மெஷின் மட்டும் அந்த ஓட்டைக்குள் அடங்காததால் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டில் அந்தக் கடையை வைத்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. மூடு கழுத்துக் கோட்டு வேண்டுமென்றால் லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரை வக்கீல் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் அவரைத் தேடித்தான் வருவார்கள். ஒருவரை நிற்கவைத்து ஒரு தடவை அளந்தால் போதும். உயரம், தோள், மார்பு, கை, கழுத்து என்று அவர் குரல் கொடுக்க, வரிசை எண்ணோடு அளவுப் புத்தகத்தில் ஏறிவிடும். திருட்டுப் போன அன்றைக்கு அந்தப் புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சொன்ன தேதியில் துணி கொடுக்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்பியதாக யாரும் சொன்னதில்லை.

எட்டு மணிக்கு மிக்கேல் வந்தார். சாந்தோம் குப்பத்துக்காரர். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும், கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற உடம்பு என்பதால் துடுப்பை விட்டு ஊசியைப் பிடித்தவர். முப்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவர் வேலை. ஓட்டையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அழுதுடு பாய். ஒரு தபா அழுதுட்டா லேசா பூடும்."

"அழுதா கோட்டு திரும்பி வருமா? தீபாவளிக்கு நாலு வாரம்கூட இல்ல. எழுந்து காஜாவைப் போடு."

அன்று ஹமீது செய்த காரியங்களை இன்னொருவர் ஒரு வாரத்தில்கூடச் செய்திருக்க முடியாது. போலீசில் எழுதிக் கொடுத்தார். துணியோ கோட்டோ சட்டையோ பறிகொடுத்த அத்தனை பேர் வீட்டுக்கும் தாமே நடந்து போய், அவர்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் சொன்னார். வாடகைக்கு ஒரு கை மெஷின் பிடித்தார். கொத்தனார்கள் எல்லோரும் மாம்பலத்தில் புது வீடு கட்டப் போயிருந்தார்கள். ஒருவரும் இந்த மாதம் வருவதாக இல்லை. ஆகவே ஓட்டையின் மேல் ஒரு பலகையை வைத்து, அதற்கு முட்டுக்கொடுக்கப் பெரிய மெஷினை நகர்த்திப் போட்டார். பாய்க்கு இரும்பு நெஞ்சு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவரும் அதை நம்பினார்.

புதன்கிழமை ஒரு குமாஸ்தாவுக்கு அளவெடுக்கும்போதுதான் அது தொடங்கியது. நாடாவைத் தோளில் வைத்தார். பதினாறே முக்கால். உடனே மனசுக்குள், 'இவன் நுழைந்திருக்க முடியாது' என்று ஒரு குரல் சொன்னது. அடுத்தவருக்குப் பதினேழு. 'இவனும் இல்லை.' மத்தியானத்துக்குள் கடைக்கு முன்னால் போகிற வருகிற தோள்களையெல்லாம் கண்ணாலேயே அளக்கத் தொடங்கிவிட்டார். பதினைந்து அங்குல ஓட்டைக்குள் பதினைந்துக்குக் குறைந்த தோள்தான் போகும். தையற்காரருக்கு இதில் என்ன சந்தேகம்?

அன்று சாயங்காலம் அளவுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பதினைந்துக்குக் குறைந்தவர்கள் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அதில் இரண்டு பேர் இறந்துபோனவர்கள். ஒருவர் ரங்கூனில் இருந்தார். மூன்று பேர் அளந்தபோது சிறுவர்கள், இப்போது வளர்ந்திருப்பார்கள். மீதி ஐந்து பேரில் சம்ஸ்கிருத வாத்தியார் ஸ்ரீனிவாசராகவனும் ஒருவர். வயது அறுபத்தொன்று, போதாததற்கு மூச்சிரைப்பு. அவர் சனிக்கிழமை கோட்டுக்காக வந்தபோது ஹமீதின் நாடா அவர் தோளை விட்டு இறங்க மறுத்தது.

"என்ன பாய், தோளையே மூணு தரம் அளக்கறீர்? பழைய அளவு புஸ்தகத்துல இருக்கோன்னோ?"

"நாடா நழுவுது சாமி."

"நாடா நழுவலை, உம்ம புத்திதான் நழுவறது. ஆத்துல சாதத்தை வடிச்சு வெச்சுண்டு காத்துண்டிருக்கா. சீக்கிரம் விடும்."

வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஜமீலுன்னிசா சோறு போட்டுக்கொண்டே, "என் தம்பி வந்து உக்காந்தா அவன் தோளை ஏன் அப்படி முறைச்சுப் பாக்குறீங்க? பாவம், சட்டை கிழிஞ்சிருக்கோன்னு தடவித் தடவிப் பாக்குறான்" என்றார். முன்பு கடைப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஹமீது, இப்போது நான்கு முறை இழுத்துப் பார்த்தார். பாதி வழி வந்து, திரும்பிப் போய் ஐந்தாவது முறையும் பார்த்தார்.

ஆனால் அவரை உண்மையில் அரித்தது புத்தகத்தில் இல்லாத ஒரு தோள். மிக்கேலை அவர் அளந்ததே இல்லை. மிக்கேல் தம் சட்டையைத் தாமே தைத்துக்கொள்கிறவர். அவர் குனிந்து காஜா போடும்போது ஹமீதின் கண் அந்த முதுகிலேயே நின்றது. பதினான்கரை இருக்குமா, பதினைந்தரையா? கடைக்கு ஓட்டை போட்டவனுக்குத் துணி எந்த மூலையில் இருந்தது என்று தெரிந்திருக்கிறதே? மிக்கேலிடம்தான் கடைச் சாவி ஒன்று இருந்ததே, அவன் எதற்குச் சுவரை இடிக்கவேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. சாவியால் திறந்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று இடித்திருக்கலாமே என்று மறுபக்கம் தோன்றியது. முன்கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். பதினோரு வருஷமாக மிக்கேலிடம் ஒரு சாவி இருந்தது. புதுப் பூட்டின் இரண்டாவது சாவி ஹமீதின் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. வேலை கெட்டது. ஒரு கோட்டுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டார். பதினேழு வருஷத்தில் அது முதல் தடவை.

22-ஆம் தேதி, வியாழக்கிழமை, பகல் சாப்பாடு ஆனதும் அவருக்குத் தாங்கவில்லை.

"மிக்கேலு, இப்படி வந்து நில்லு. உனக்கு ஒரு சட்டைக்கு அளவெடுக்கணும்."

"எனக்கா? இன்னா பாய் விசேஷம்? தீபாவளி உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"கிறிஸ்துமசுக்கு."

"அதுக்கு ரெண்டு மாசம் கீது."

"நில்லுடான்னா."

மிக்கேல் வந்து நின்றார். ஹமீது நாடாவை வைத்தார். அளவை உரக்கச் சொல்லவேண்டிய வாய் திறக்கவில்லை. மிக்கேல் கழுத்தைத் திருப்பி, நாடாவைத் தாமே படித்தார்.

"பதினாலரை." பலகைப் பக்கம் தலையை ஆட்டி, "ஓட்டைக்குள்ள அடங்குதா பாய்?" என்றார்.

ஹமீது நாடாவைச் சுருட்டினார்; பிரித்தார்; மறுபடி சுருட்டினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நென்ச்சிக்கினியா? எட்டு நாளா ரோட்டுல போறவன் தோளையெல்லாம் பாத்துக்கினு கீறே. புஸ்தகத்துல பதினோரு புள்ளி கீது. பூட்டை மாத்தினே, சாவி எங்கேன்னு நான் கேக்கல. இப்போ ஒண்ணு கேக்குறேன். உன் தோள் இன்னா?"

"பதினேழு."

"நீ அதுக்குள்ள பூருவியா?"

"எப்படிப் போகும்? பதினஞ்சுக்குள்ள பதினேழு போகாது. கணக்குடா இது."

மிக்கேல் மெஷினை நகர்த்தி, பலகையை எடுத்தார். "பூந்து பாரு."

தம் கணக்கு சரி என்று காட்டுவதற்காகவே ஹமீது தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். தலை போயிற்று. தோள் இரண்டும் செங்கல்லில் முட்டி நின்றன. "போகலை பாத்தியா!" என்று ஓட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அதில் வெற்றிகூடத் தெரிந்தது.

"கோட்டுக்கு அளவு குடுக்கிற மாதிரி வெறச்சிக்கினு கெடந்தா எப்படிப் போவும்? ஒரு கைய முன்னால நீட்டு. ஒரு பக்கமா சாஞ்சுக்கோ. எங்க குட்சைக்குள்ள எவன் நிமிந்துகினு பூர்றான்?"

ஹமீது வலது கையை நீட்டினார். உடம்பைச் சாய்த்தார். செங்கல் இடுப்பைக் கொஞ்சம் உரசியது. அடுத்த நிமிஷம் முழு ஆளும் பின்சந்தில் கிடந்தார். கூடையோடு வந்துகொண்டிருந்த மீன்காரி தேசம்மா ஓரடி பின்னால் துள்ளினாள்.

"ஐயய்யோ! இன்னா பாய், ஒன் கடைச் செவுத்துல நீயே கன்னம் வெச்சிக்கினியா?"

ஹமீது எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தம் தோளைத் தொட்டுப் பார்த்தார். தொழில் கற்ற நாளிலிருந்து இருபத்தைந்து வருஷமாக மனிதர்களை நிற்கவைத்தே அளந்திருக்கிறார், கை இரண்டையும் தொங்கவிடச் சொல்லி. ஊர்ந்து போகிறவனுக்குத் தோள் என்று ஓர் அளவே கிடையாது. அந்த ஓட்டைக்குள் மயிலாப்பூரில் முக்கால்வாசிப் பேர் போகலாம், அவரே போகலாம். பதினோரு புள்ளியும் வெறும் புள்ளி. வாத்தியாரின் தோளை மூன்று தரம் அளந்தது நினைவுக்கு வர, சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று கண்ணில் நீர் ஓடியது. திருட்டுப் போன திங்கட்கிழமையிலிருந்து தேக்கிவைத்தது அவ்வளவும் வந்தது.

தேசம்மா கூடையை இறக்கிவைத்தாள். "சிரிக்கிறியா அழுவுறியா பாய்? ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தாம்மா."

"அப்போ சரி. ரெண்டையும் முடிச்சுக்கினு எழுந்திரு. வழியை வுடு, மீனு நாறிப்போவும்."

சந்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வர அறுபது எழுபது அடி இருக்கும். கடையில் மிக்கேல் இருக்கமாட்டார் என்றே ஹமீது நடந்தார். போன மெஷின் போனதுதான், அதை வாங்கிவிடலாம். பதினோரு வருஷத்துக் காஜாக்காரரைத் தாமே துரத்திவிட்டு, அந்தத் திருட்டை யார் மேல் எழுதிக் கொடுப்பது?

மிக்கேல் இருந்தார். ஆனால் ஊசி டப்பாவைத் துண்டில் முடிந்து மடியில் வைத்திருந்தார். ஹமீது சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"சாவி இன்னாத்துக்கு பாய்? நான் சாவியா கேட்டேன்?"

"பின்னே?"

"நீ கேட்டிருக்கலாம். மூஞ்சைப் பாத்து, 'நீயாடா மிக்கேலு'ன்னு ஒரு வார்த்தை. முதுகைப் பாத்துக்கினே இருந்தே."

ஹமீது முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பத்து நாளில் முதல் தடவையாக மிக்கேலின் முகத்தைப் பார்த்தார். கேட்பது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு நேராகக் கேட்டார்.

"நீயாடா?"

"இல்ல."

"சரி."

மிக்கேல் துண்டின் முடிச்சை அவிழ்த்தார்.

"தாடியெல்லாம் சுண்ணாம்பு கீது. கழுவிக்கினு வா. வக்கீல் வூட்டுக் கோட்டுக்கு அஞ்சு பொத்தானா, ஆறா?"

"ஆறு" என்றார் ஹமீது, தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்துகொண்டே. "மேல் பொத்தானைக் கழுத்தோட ஒட்டி வை. வக்கீலுக்கு அப்படித்தான் பிடிக்கும்."