ஓட்டாஞ்சில்லில் ஒரு பெயர்

ஹிலரி ஸ்டாதர்டுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கழுத்தெல்லாம் சிவந்துவிடும். எங்கள் கிரிம்ஸ்பி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவள் சரித்திரம் நடத்தும் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்கிற வேலை எனக்கு. வேறு வழியில்லாமல் கிரேக்கர் கதையும் ரோமர் கதையும் வருஷக்கணக்காய்க் கேட்டுத் தொலைத்திருக்கிறேன். சீசரை அவள் திட்டுவதைக் கேட்டால், வேலித் தகராறு பண்ணும் பக்கத்து வீட்டுக்காரன் என்றுதான் நினைப்பீர்கள். அவள் அப்பா துறைமுகத்தில் மீன் இறக்கினவர். "மீன் இறக்குறவர் பொண்ணுக்கு ஏதென்ஸ் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "ஏதென்ஸ்ல மட்டும் மீனை யாரு இறக்கினாங்களாம்?" என்றாள்.

வருஷத்தில் ஒரு நாளுக்காகப் பிள்ளைகள் காத்துக் கிடப்பார்கள். உடைந்த பூந்தொட்டிகளைத் துண்டில் சுற்றிச் சுத்தியலால் அடித்து, ஆளுக்கொரு சில்லு கொடுப்பாள். அந்தக் காலத்து ஏதென்ஸில் ஒருத்தன் ரொம்பத் தலையெடுக்கிறான் என்று ஜனங்களுக்குப் பட்டால், அவன் பெயரை ஓட்டாஞ்சில்லில் கீறிப் போடுவார்கள். அதிகம் பேர் யார் பெயரைக் கீறினார்களோ அவன் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போகணும். வீடு, நிலம் எல்லாம் அவனுக்கே. அப்புறம் திரும்பி வரலாம்.

பிள்ளைகள் எப்போதும் ஹிலரி பெயரைத்தான் எழுதுவார்கள். வருஷத்துக்கு ஒரு நிமிஷம் என்று பத்து நிமிஷம் அவள் பிளாஸ்க்கோடு வராந்தாவில் நின்று, டீயில் கிரீம் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்பாள். உள்ளே இதுகள் கூரை பிய்கிற மாதிரி கத்தி நிமிஷத்தை எண்ணும்.

அந்த வருஷம் குளிர்காலத்தில் டாம்சின் லீக் என்றொரு பெண் வந்து சேர்ந்தாள். அது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். வாயே திறக்க மாட்டாள். "இங்கயும் ஒத்துவரலன்னா இனிமே வீட்டை விட்டே கிளம்ப மாட்டேங்கிறா மிஸ்," என்று அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் ஹிலரியிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

சில்லு எழுதும் நாளில் ஒரே குசுகுசுப்பு. எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. லூயிஸ் பேட்ஜெட் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். டாம்சின் என்று எழுதியிருந்தான். அடுத்தவனும் அதே பெயர். குரங்குப் பிள்ளைகள், எல்லாம் பேசி வைத்துக்கொண்டு செய்கின்றன. பதறிப்போய் டாம்சினைத் திரும்பிப் பார்த்தால், அவளும் குனிந்து தன் பெயரையே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் கண்ணு இப்படி?"

"எல்லாரும் அதைத்தானே மிஸ் எழுதுறாங்க."

அதற்குள் ஹிலரி சில்லுகளை வாளியில் வாங்கிவிட்டாள். நான் கண்ணைக் கண்ணைக் காட்டினேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று நினைத்து, கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறாள்.

முதல் சில்லை எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஸ்டாதர்ட்," என்றாள். அடுத்தது. "ஸ்டாதர்ட்." கழுத்து சிவக்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றாய் எடுத்து அதையே வாசித்தாள். காது மடல்வரை சிவந்துவிட்டது.

"மிஸ், நான் எழுதினது..." என்று எழுந்தான் லூயிஸ்.

"என்ன எழுதின லூயிஸ்? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

உட்கார்ந்துவிட்டான்.

"சரி, இந்த வருஷமும் நான்தான்," என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிஸ்கட்டை மறந்துவிட்டாள்.

"போய் நிக்கிறாங்க பாருங்க. மனசு குளுந்துச்சா?" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதோடு விட்டதே பெரிசு. யாரும் எண்ணவில்லை, நிமிரவும் இல்லை.

டாம்சின் எழுந்தாள். தன் கையால் எழுதின சில்லில் என்ன பெயர் இருந்ததென்று அவளுக்குத் தெரியாதா? மேஜையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஹிலரி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். பிளாஸ்க் மூடியைத் திருகவே இல்லை.

"மிஸ், பத்து வருஷம் ஆயிடுச்சு."

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல கண்ணு."

"ஆயிடுச்சு மிஸ். உள்ள வாங்க."

இருவரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். ஹிலரியின் கழுத்து இன்னும் வெளுக்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். லூயிஸ் எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். யாருக்குப் போட்டானென்று அவனுக்கே தெரியுமோ என்னவோ, டாம்சின்தான் அதில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது டாம்சின் அதே நாற்காலியில் இருந்தாள்.