அப்பாதுரையின் வலது தோள்

டில்லியில் ராஜா முடிசூட்டிக்கொண்ட அந்த வருஷம் ஐப்பசியில்தான் ஜெயம்மாளின் மாமனார் காலமானார். காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் அவருடைய இடத்துக்கு யார் என்ற பேச்சு வந்துவிட்டது. இடம் என்றால் வீடும் இல்லை, நிலமும் இல்லை. சின்ன காஞ்சிபுரத்துச் சந்து ஒன்றில் ஒரு சிறிய பெருமாள் கோயில். அங்கே பங்குனி உற்சவத்தில் கருட வாகனத்தைத் தோளில் தூக்குகிறவர்களில், வலப்பக்கத் தண்டில் மூன்றாவது ஆள். மூன்று தலைமுறையாக அது அந்த வீட்டுக்கு உரிய இடம்.

ஜெயம்மாளின் புருஷன் அப்பாதுரை பட்டு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலையில் இருந்தான். முப்பத்திரண்டு வயதுக்குள் அவன் தூக்கிய பெரிய பாரம் ஒரு கல்யாணத்துப் புடவை மூட்டை. அதையும் கடைவாசலில் நின்ற வண்டி வரைக்கும்தான் தூக்கியிருந்தான். பங்காளி ஆளவந்தான் ஏர் ஓட்டுகிறவன். பிறந்ததிலிருந்தே தோள் உள்ளவன். அவன் பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணனுக்கு இன்னா கஷ்டம்? கருடன நாலா மடிச்சி இடுப்புல வச்சிக்கினு போயிடுவாரு.”

தூக்குகிறவர்களுக்குத் தலைவர் குப்புசாமி சிரிக்கவில்லை. மண்டபத்துத் தூணில் சுண்ணாம்பால் ஒரு கோடு உண்டு. வரிசையில் நிற்கிறவன் எவனானாலும் அவன் தோள் அந்தக் கோட்டுக்குச் சரியாக வர வேண்டும். ஒருத்தன் தோள் உயர்ந்தால் பாரம் அவன் ஒருத்தன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்பாதுரையைத் தூணில் சாய்த்துப் பார்த்தார். அப்பனைப் போலவே, மயிரிழை பிசகாமல் கோட்டில் இருந்தான். அவனுக்குச் சாதகமாக இருந்தது அது ஒன்றுதான். ஆளவந்தானும் கோட்டில்தான் இருந்தான். பங்குனி வரை இடம் காலியாக இருக்கட்டும் என்றும், வெள்ளோட்டத்தன்று தூக்கிக் காட்டினால் அப்பாதுரைக்கு, இல்லாவிட்டால் ஆளவந்தானுக்கு என்றும் சொல்லிவிட்டார். ஆளுக்கு வருகிற கனம் இருபது படி மணல் இருக்கும் என்பதையும் சொல்லிவைத்தார்.

மறுநாளே அப்பாதுரை, பயில்வான்கள் கசரத்து எடுக்கிற பெரிய காஞ்சிபுரத்துத் தாலிம்கானாவுக்குப் போனான். வஸ்தாது அவன் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். வேறு எங்காவது இருக்குமோ என்று முதுகுப்பக்கமும் பார்த்தார். பிறகு முப்பது தண்டால் எடுக்கச் சொன்னார். மூன்றாவதில் அப்பாதுரையின் மூக்கு தரையைத் தொட்டது. தொட்டது தொட்டபடியே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல், ஜெயம்மாள்தான் அவனுக்குக் குடுமி முடிந்துவிட்டாள்.

தாலிம்கானா அத்தோடு நின்றது. அப்பாதுரை வேகவதி ஆற்றிலிருந்து மணல் அள்ளிவந்து ஒரு கோணிப்பையில் ஐந்து படி அளந்து போட்டான். விடியற்காலையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கும் மறுபடி கிணற்றடிக்கும் நாற்பது நடை. சனிக்கிழமை தோறும் ஒரு படி கூட்டுவான். மழையானாலும் சரி, ஜுரமானாலும் சரி, நாற்பதில் ஒன்று குறைந்தால் கடைக்குப் போக மாட்டான். ஜெயம்மாள் தினம் உளுந்தங்களி கிண்டினாள். கோணியில் எங்கோ பொத்தல் இருந்தது. மணல் பாயில் வந்தது, சாதத்தில் வந்தது, கைக்குழந்தையின் காதுக்குள்ளும் வந்தது. அவள் தட்டித் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டாள்: எப்போது பார்த்தாலும் வலது தோளிலேயே ஏன், மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் என்ன?

“எங்கப்பன் நின்னது வலது தோளு கொடுக்கிற இடம்” என்றான் அப்பாதுரை. “பெருமாளு எடது தோளுக்கு வர மாட்டாரு.”

மாசி பிறந்தபோது அவன் மேல்துண்டு வலது தோளில் நிற்கும், இடது பக்கம் சரிந்து விழும். கடைக்கு வருகிற பெண்பிள்ளைகள் அவனைப் பார்த்துப் பேசும்போது தங்களை அறியாமல் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். மாசிக் கடைசிச் சனிக்கிழமை கோணியில் இருபது படி ஏறியது. நாற்பது நடையும் முடித்து மூட்டையை இறக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். பசுமாடு பார்த்திருந்தது. ஜெயம்மாளும் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். அதைச் சொன்னால் தலைகால் புரியாது என்று சொல்லவில்லை. அன்றைக்கே மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து, நெருக்கமாகத் தைத்து, தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் வைக்கிற சும்மாடு ஒன்று செய்தாள். இரண்டு விரற்கடை தடிமன்.

வெள்ளோட்டத்தன்று காலை சாமி இல்லாத வாகனத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிவைத்திருந்தார்கள். தெருவே மண்டபத்தில் இருந்தது. குப்புசாமி வழக்கப்படி எல்லாரையும் சட்டையில்லாமல் தூணில் நிறுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பாதுரையிடம் வந்ததும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். கோட்டுக்கு மேல் இரண்டு விரலை வைத்து அளந்தார்.

“இன்னாபா இது? அப்பப்ப கொஞ்சம் கீழ எறக்கறதில்லியா?”

அப்பாதுரை தோளை இறக்கப் பார்த்தான். அது இறங்குகிற தோளாக இல்லை. நாலு மாசத்து மணல் அதன்மேல் காய்த்துப்போய், மாட்டின் திமில்போல நின்றது. ஆளவந்தான் வந்து நின்றான். கோட்டில் கச்சிதமாக இருந்தான். கூடுதல் பலத்தால் இடம் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. குப்புசாமிக்கும் சங்கடம்தான், ஆனால் கோடு கோடுதான். ஆளவந்தானைப் போய்த் தண்டில் நிற்கச் சொன்னார்.

அப்பாதுரை துண்டை எடுத்துத் தோளில் போட்டான். அது இடது பக்கம் சரிந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல் அப்படியே நின்றான். அதைப் பார்த்துத்தான் ஜெயம்மாள் பெண்கள் நடுவிலிருந்து எழுந்தாள். ஆண்கள் கூட்டத்தில் அவள் அதுவரை பேசியதில்லை.

“மாமா, தூணுல நிக்க சொல்லோ யாருக்கும் சும்மாடு கெடையாது. தூக்க சொல்லோ எல்லாரும் வச்சிக்கினுதான தூக்குவாங்க?”

“ஆமா, அதுக்கின்னா?”

அவள் கையிலிருந்த சும்மாட்டைக் காட்டினாள். “இதும் ரெண்டு வெரக்கடைதான் இருக்குது. இவரு மட்டும் சும்மாடு இல்லாம தூக்கட்டும்.”

குப்புசாமி சும்மாட்டை வாங்கிக் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, வெறும் தோளில் தண்டு ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா என்று அப்பாதுரையைக் கேட்டார். தெரியும் என்றான் அவன். தெரியாது என்பது ஜெயம்மாளுக்குத் தெரியும். கோணி வேறு, தேக்குமரம் வேறு.

குப்புசாமி ஆளவந்தானை விலகச் சொல்லி அப்பாதுரையைத் தண்டில் நிறுத்தினார். தூக்கினார்கள். தண்டு மட்டமாக நின்றது. நாலு தெரு. ஒவ்வொரு முனையிலும் ஆளவந்தான் தன் சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இதோ விழப்போகிறான் என்று தயாராக நின்றான். அப்பாதுரை யாரையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நாமம் சொல்கிறான் என்று நினைத்தார்கள். அவன் நடையை எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். நாலாவது முனையில் ஆளவந்தான் தன் சும்மாட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அன்று மத்தியானம் அப்பாதுரையின் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஜெயம்மாள் எண்ணெய் காய்ச்சித் தடவினாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, கருடன் ஒன்றும் அவ்வளவு கனமில்லை, மணல்தான் கனம் என்றான். அதற்குப் பிறகு பத்தொன்பது பங்குனி அவன் அந்தத் தண்டில் நின்றான், ஒரு தடவைகூடச் சும்மாடு வைக்காமல். மாமனார் வேட்டியில் அவ்வளவு நெருக்கமாகத் தைத்ததை வீணாக்க ஜெயம்மாளுக்கு மனம் வரவில்லை. குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்க அது நன்றாக உதவியது.